மலைக்குள் மறைந்த புகையிரதம்

இலக்கியத் தொடரில் புகையிரதத்துக்கு என்ன வேலை என்று நேயர்கள் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால், இன்று நாம் பேசப்போகும் புகையிரதத்துக்குப் பணம் போட்டவர் ஒரு பத்திரிகை அதிபர். ஷேர்லக் ஹோம்ஸ் சிறுகதைகளை வாசகர் கையில் சேர்த்த சஞ்சிகையின் சொந்தக்காரர். அந்தப் புகையிரதம் ஓடிய சுரங்கமோ, ஓட்டம் நின்று சில ஆண்டுகளின் பின் வானொலி நிலையமாக மாறியது. இதைப்பற்றி வானொலி இலக்கிய நிகழ்ச்சியில் பேசாமல் வேறெங்கே பேசுவது?

இடம், இங்கிலாந்தின் தென்மேற்கில் உள்ள பிரிஸ்டல் நகரம். வங்கத்துச் சீர்திருத்தவாதி ராஜா ராம் மோகன் ராய் 1833ஆம் ஆண்டு கண்மூடியது இந்த நகரை அடுத்திருந்த ஸ்டேப்பிள்டனில்தான் என்று சொன்னால் நம்மவர்க்குச் சற்று நெருக்கமாக இருக்கும். நகரத்தின் மேற்கே ஏவன் நதி சுண்ணாம்புக் கற்பாறைகளை அறுத்துக்கொண்டு ஆழமான பள்ளத்தாக்கில் ஓடுகிறது. பாறையின் உச்சியில் கிளிப்டன் என்னும் செல்வந்தர் குடியிருப்பு. அரைவட்ட வரிசையாக நிற்கும் மாளிகைகள், அகன்ற நடைபாதைகள், பள்ளத்தாக்கின் குறுக்கே 1864இல் திறக்கப்பட்ட புகழ்பெற்ற தொங்குபாலம் எல்லாம் அங்கேதான். பாறையின் அடியில், நதிக்கரையோரமாக, ஹொட்வெல்ஸ். துறைமுகமும் கப்பற்காரரும் கூலிவேலைக்காரருமான உலகம் அது.

ஹொட்வெல்ஸ் என்ற பெயரே வெந்நீர் ஊற்றால் வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் அந்த ஊற்று நீரைக் குடித்தால் நோய் தீருமென்று இங்கிலாந்தின் பிரபுக்கள் குடும்பம் குடும்பமாக வந்து தங்கினார்கள். டொபையஸ் ஸ்மொலெட் 1771இல் வெளியிட்ட ‘ஹம்ப்ரி கிளிங்கர்’ நாவலில், எதற்கெடுத்தாலும் முணுமுணுக்கும் நோயாளி மத்தியூ பிராம்பிள் உடம்பைத் தேற்றவென்று வந்து சேருவது இங்குதான். ஃபானி பேர்ணி 1778இல் எழுதிய ‘எவலினா’ நாவலின் கதாநாயகியும் சுகம் தேடி இங்கே வருகிறாள். ஆனால், மற்ற வைத்தியங்களெல்லாம் கைவிட்ட பின் கடைசி நம்பிக்கையாக வந்த காசநோயாளர் பலர் அந்த ஊரிலேயே இறந்துபோனார்கள். ஊற்றின் பெயர் கெட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கூட்டம் குறைந்து, 1786இல் கட்டிய தூண்மண்டபம் மட்டும் அந்தப் பழைய நாகரிகத்தின் சாட்சியாய் நின்றது.

மேலே கிளிப்டன், கீழே ஹொட்வெல்ஸ், நடுவே செங்குத்தாக சுமார் 200 அடி. கீழே நீராவிப் படகுகள் வந்து நிற்கும் இறங்குதுறை இருந்தது. துறைமுகப் பக்கம் போகும் புகையிரதத்தின் கடைசி நிலையம் இருந்தது. ட்ராம் வண்டியும் வந்தது. இறங்கியவர் மேலே போவதென்றால் செங்குத்தான ஒழுங்கைகளில் மூச்சிரைக்க ஏறவேண்டும், அல்லது சுற்றிப் போகவேண்டும். இந்த இடைவெளியைத்தான் ஜோர்ஜ் நியூன்ஸ் கண்டார்.

நியூன்ஸ் சுவாரசியமான மனிதர். 1881ஆம் ஆண்டு மான்செஸ்டரில் ‘டிட்-பிட்ஸ்’ என்ற பத்திரிகையைத் தொடங்கினார். பத்திரிகைகளிலும் புத்தகங்களிலும் அங்குமிங்கும் பொறுக்கிய துணுக்குகளை அள்ளித் தரும் மலிவுப் பத்திரிகை அது. அதற்கு முதல் கிடைக்காதபோது சைவ உணவுச்சாலை ஒன்றைத் திறந்து, அதில் வந்த வருவாயைக்கொண்டு அச்சுக்கூலி கொடுத்தார் என்று அவருடைய வரலாறு கூறும். பத்திரிகை விற்பதற்கு அவர் கையாண்ட உபாயங்களில் ஒன்று, புகையிரத விபத்துக் காப்புறுதி. புகையிரத விபத்தில் இறப்பவரிடம் அந்த வாரத்து ‘டிட்-பிட்ஸ்’ இதழ் இருந்தால், குடும்பத்துக்கு 100 பவுண் கிடைக்கும்! இப்படிப்பட்டவர் புகையிரதம் போடவும் துணிந்ததில் வியப்பில்லை.

1891 ஜனவரியில் அவர் ‘ஸ்ட்ராண்ட்’ சஞ்சிகையை ஆரம்பித்தார். அதே ஆண்டு மார்ச்சில் பிரிஸ்டலில் சுரங்கவேலை தொடங்கியது. ஜூலையில் ஆர்தர் கொனன் டொயிலின் முதலாவது ஷேர்லக் ஹோம்ஸ் சிறுகதை ‘ஸ்ட்ராண்ட்’ இதழில் வந்தது. ஆகவே, லண்டனில் ஹோம்ஸ் துப்புத் துலக்கிய மாதங்களில், பிரிஸ்டலில் அவருடைய பதிப்பாளரின் ஆட்கள் பாறையைத் துளைத்துக்கொண்டிருந்தார்கள்.

நியூன்ஸுக்கு இது முதலாவது சரிவுப் புகையிரதம் அல்ல. 1890இல் டெவன் கரையோரத்திலுள்ள லின்டன், லின்மவுத் என்ற இரு ஊர்களை இணைத்த மலைப்பாதைக்கும் அவரே பணம் போட்டார். இரண்டுக்கும் பொறியியலாளர் ஜோர்ஜ் குரோய்டன் மார்க்ஸ். ஆனால், லின்டன் பாதை திறந்த வெளியில், கடலைப் பார்த்தபடி ஏறுவது. பிரிஸ்டலில் அதற்கு இடம் கிடைக்கவில்லை. கிளிப்டன் பாறைகள் அந்நகரின் பழைய வணிகர் சங்கமாகிய ‘மேர்ச்சண்ட் வெஞ்சரர்ஸ்’ ஸ்தாபனத்துக்குச் சொந்தம். 1552ஆம் ஆண்டிலேயே அரச சாசனம் பெற்ற செல்வாக்குமிக்க சங்கம் அது. பள்ளத்தாக்கின் அழகைக் கெடுக்கும் எதையும் பாறையின் முகத்தில் போட அது இணங்கவில்லை. நியூன்ஸுக்கு அனுமதி கொடுத்தபோது இரண்டு நிபந்தனைகளை விதித்தது. ஒன்று, பாதை முழுவதும் பாறைக்குள்ளே போகவேண்டும். மற்றது, மறைந்துபோன ஊற்று வைத்தியத்துக்கு உயிர்கொடுக்க மேலே கிளிப்டனில் ஒரு நீர் அருந்தும் மண்டபம் கட்டித்தர வேண்டும். இரண்டுக்கும் அவர் ஒப்புக்கொண்டார். மண்டபம் 1894இல் திறக்கப்பட்டது.

முதலாவது நிபந்தனையை நேயர்கள் மறந்துவிடக் கூடாது. என் எண்ணப்படி இந்தப் புகையிரதத்தின் தலைவிதி அதிலேதான் எழுதப்பட்டது.

வேலையை ஓராண்டில், 10,000 பவுணில் முடிப்பதாகக் கணக்கு. பாறை கணக்குக் கேட்குமா? வெடிவைத்துத் துளைக்கத் துளைக்க, உள்ளே பாறை பிளவுபட்டும் நொறுங்கியும் கிடந்தது தெரியவந்தது. சுவரும் கூரையுமாகத் தடித்த செங்கல் வளைவு கட்டிக்கொண்டே முன்னேற வேண்டியதாயிற்று. இரண்டு ஆண்டுகள் சென்றன. செலவு 30,000 பவுணை எட்டியது.

சுரங்கத்தின் நீளம் 450 அடி. ஏறக்குறைய இரண்டடி போனால் ஓரடி உயரும் சரிவு. இவ்வகைப் பாதைகளில் வழக்கமாக இரண்டு வண்டிகள் இருக்கும். இங்கே நான்கு தண்டவாளப் பாதைகளும் நான்கு வண்டிகளும் அமைந்தன. அதனால் சுரங்கத்தின் அகலம் 27 அடிக்கு மேல்.

வண்டிகள் இயங்கிய விதம் நம் கிணற்றடியில் அறிந்ததுதான். கப்பியில் ஒரு கயிறு, கயிற்றின் இரு முனையிலும் இரண்டு வாளி. ஒன்று இறங்க மற்றது ஏறும். வண்டிகள் இரண்டிரண்டாக உருக்குக் கம்பியால் பிணைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு வண்டிக்கும் அடியில் ஒரு தண்ணீர்த் தாங்கி. மேலே நிற்கும் வண்டியின் தாங்கியில் நீர் நிரப்பினால், பாரம் கூடி அது இறங்கும். இறங்கும்போது கீழே நிற்கும் வண்டியை மேலே இழுத்துவிடும். கீழே வந்ததும் நீரை வெளியேற்றிவிடுவார்கள். அந்த நீரைத் திரும்ப மேலே ஏற்றுவதற்கு வாயு எஞ்சின்கள் நீர்ப்பம்பிகளை இயக்கின. கீழே எத்தனை பேர் ஏறியிருக்கிறார்கள் என்று மேலே அறிவிக்க, அதற்கு ஏற்றபடி நீர் விடப்படும். வேகத்தைக் கட்டுப்படுத்த ஒவ்வொரு வண்டியிலும் பிரேக் பிடிப்பவர் ஒருவர். ஒரு நிமிடத்துக்குள் பயணம் முடிந்துவிடும். ஏறுவதற்கு ஒரு பென்னி, இறங்குவதற்கு அரைப் பென்னி. பூமியின் ஈர்ப்புக்கும் விலை போட்டார் நியூன்ஸ்.

1893 மார்ச் 11ஆம் திகதி பாதை திறக்கப்பட்டது. முதல் நாளிலேயே 6,220 பேர் போய்வந்தார்கள். அவர்களுக்குப் பொன்முலாம் பூசிய உலோகப் பயணச்சீட்டு கொடுக்கப்பட்டது. முதலாவது ஆண்டில் மொத்தம் 427,492 பிரயாணிகள். அந்த ஆண்டின் கடைசி மாதம் கொனன் டொயில் ஹோம்ஸை நீர்வீழ்ச்சியில் தள்ளிக் கொன்றுவிட, வாசகர்கள் கொதித்தெழுந்த கதை நாம் அறிந்ததே. நியூன்ஸுக்கு ஒரு கையில் இலாபம் வந்த ஆண்டிலே மறு கையில் பறிபோயிற்று.

பிரிஸ்டல் இலாபமும் நெடுநாள் நிலைக்கவில்லை. முதலாண்டின் கூட்டம் புதுமைக்காக வந்த கூட்டம். பார்த்தவர்கள் மறுபடி வரவில்லை. ஏன் வரவில்லை என்பதற்குப் பலரும் பல காரணம் சொல்வர். கோடையில் உல்லாசப் பயணிகள் வந்தார்கள், குளிர்காலத்தில் ஆளில்லை என்பது ஒன்று. மோட்டார் வண்டிகளும் பஸ்களும் வந்தது இன்னொன்று. இவை உண்மைதான். ஆனால், லின்டனிலும் குளிர்காலம் இருந்தது, மோட்டார் வண்டியும் வந்தது. லின்டன் பாதை நூறாண்டு கடந்தும், அதே நீர்ப்பாரத்தின் பலத்திலேயே ஓடியிருக்கிறது. வேறுபாடு என்ன? லின்டனில் ஏறுபவனுக்குக் கடல் விரிகிறது, மலை எழுகிறது. பிரிஸ்டலில் ஏறுபவனுக்குச் செங்கற்சுவர்தான் தெரிந்தது. உலகம் வியக்கும் பள்ளத்தாக்கு சில அடி தூரத்தில், பாறைக்கு வெளியே. அவனோ இருட்டறைக்குள். வேடிக்கை பார்க்க ஒருமுறை வரலாம். இன்பத்துக்காக மறுமுறை வருவானா? வெளியில் இருந்து பார்ப்பவரின் அழகுக்காக, உள்ளே இருப்பவரின் கண்ணைக் கட்டிவிட்டார்கள். வணிகர் சங்கத்தைக் குறைசொல்லவும் மனம் வரவில்லை. அன்று அவர்கள் விட்டுக்கொடுத்திருந்தால் பாறையின் முகத்தில் ஒரு தழும்பு விழுந்திருக்கும்.

1908இல் கம்பனி கடனில் மூழ்கி நிர்வாகம் கைமாறியது. நியூன்ஸ் 1910இல், தாம் விரும்பிய லின்டனிலேயே, கடனாளியாக இறந்தார். 1912இல் பிரிஸ்டல் ட்ராம் கம்பனி இந்தப் பாதையை வாங்கிக்கொண்டது. விலை 1,500 பவுண். கட்டிய செலவில் இருபதில் ஒரு பங்கு. பிறகு வந்தது பேரிடி. பிரிஸ்டலையும் ஏவன் முகத்துவாரத் துறைமுகத்தையும் இணைக்கும் ‘போட்வே’ பெருந்தெரு நதிக்கரை வழியே அமைக்கப்பட்டு 1926இல் திறக்கப்பட்டது. அதற்கு இடம்விடுவதற்காக ஹொட்வெல்ஸ் புகையிரத நிலையம் 1920களின் ஆரம்பத்திலேயே மூடப்பட்டது. கீழே வந்து இறங்குபவர்களை மேலே கொண்டுபோகத்தானே இந்தப் பாதை! இறங்குவதற்கு ஆளில்லாத இடத்தில் ஏற்றுவதற்கு வண்டி எதற்கு? 1934ஆம் ஆண்டு ஓட்டம் நிறுத்தப்பட்டது.

வேறு எந்த ஊரிலாவது என்றால் கதை இங்கே முடிந்திருக்கும். வெளியில் கிடக்கும் தண்டவாளத்தைப் பெயர்த்து இரும்புக்கடைக்குப் போடலாம், நிலத்தை விற்கலாம். மலைக்குள் இருக்கும் வெறுமையை என்ன செய்வது? கதவைப் பூட்டிவிட்டுப் போனார்கள். மறைவாக இருந்ததால் வாழ முடியாமற் போன அந்தச் சுரங்கம், மறைவாக இருந்ததாலேயே அழியாமலும் நின்றது.

ஐந்தாண்டுகளின் பின் யுத்தம் வந்தது. 1939 செப்டெம்பரில் லண்டன் குண்டுவீச்சுக்கு அஞ்சி, பி.பி.சி. தன் பகுதிகள் பலவற்றைப் பிரிஸ்டலுக்கு அனுப்பியது. சிம்பனி வாத்தியக் குழு, நகைச்சுவை நிகழ்ச்சிகளை நடத்துவோர், சிறுவர் நிகழ்ச்சிக்காரர் எல்லாரும் வந்து சேர்ந்தார்கள். பாதுகாப்பான ஊர் என்ற நினைப்பு. 1940 நவம்பர் 24ஆம் திகதி இரவு ஜேர்மன் விமானங்கள் பிரிஸ்டலின் பழைய நகரப் பகுதியைக் கொளுத்தின. அதன்பின் தொடர்ந்து தாக்குதல்கள். வாத்தியக் குழுவும் மற்றவர்களும் 1941இல் வேறு ஊர்களுக்குக் கிளம்பினார்கள். ஆனால், குண்டு துளைக்காத ஓர் ஒலிபரப்பு நிலையம் பிரிஸ்டலில் இருந்தே ஆகவேண்டும் என்று பி.பி.சி. முடிவுசெய்தது.

முதலில் அவர்கள் கண் வைத்தது போட்வே ஓரமாக இருந்த, கைவிடப்பட்ட வேறொரு புகையிரதச் சுரங்கத்தின்மேல். அங்கே வீடிழந்தவரும் அஞ்சி ஓடிவந்தவருமாக மக்கள் ஏற்கெனவே குடிபுகுந்திருந்தார்கள். குண்டுமழைக்கு ஒதுங்கியவர்களை எந்த முகத்துடன் வெளியே போகச் சொல்வது? யுத்தகாலத்தில் பதுங்குகுழியின் அருமை அறிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆகவே கிளிப்டன் பாறைச் சுரங்கம் தெரிவாயிற்று.

அங்கும் தனியிடம் இல்லைதான். மேற்பகுதி பொதுமக்களுக்கான பாதுகாப்பிடம். வண்டி ஓடிய சரிவில் படிபடியாகக் கொங்கிறீட் தளங்கள் கட்டி, அவற்றிலே மக்கள் இரவைக் கழித்தார்கள். இன்னொரு பகுதியைப் பிரித்தானிய விமானக் கூட்டுத்தாபனம் எடுத்துக்கொண்டது. கீழ்ப்பகுதி பி.பி.சி.யினுடையது. சரிவான இடமாதலால் அறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏணிப்படி போலக் கட்டினார்கள். அஞ்சற் கருவிகளுக்கு ஓர் அறை, ஒலிப்பதிவுக்கு ஓர் அறை, கட்டுப்பாட்டுக்கு ஓர் அறை, நடுவே ஒரு சிறிய கலையகம். லண்டன் வாயடைத்துப்போகும் நாள் வந்தால், பிரித்தானியாவின் குரல் இந்தப் பாறைக்குள்ளிருந்து எழும் என்பதே ஏற்பாடு.

அந்த நாள் வரவில்லை. ஆனாலும் இரவும் பகலும் ஆட்கள் அங்கே காவலிருந்தார்கள். ஒரே சுரங்கத்தின் கீழ்ப்பாதியில் ஒலிபெருக்கிக்கு முன்னே ஆயத்தமாக இருக்கும் பொறியியலாளர். மேற்பாதியில் குழந்தையை மடியில் கிடத்தி விமானச் சத்தம் ஓயும்வரை காத்திருக்கும் தாய்மார். ஷேர்லக் ஹோம்ஸின் காசில் தோண்டிய குகை இப்படியொரு காட்சியைக் காணுமென்று நியூன்ஸ் நினைத்திருப்பாரா?

அந்த 1941ஆம் ஆண்டு நமக்கும் சம்பந்தமான ஆண்டு. அவ்வாண்டு மே 3ஆம் திகதிதான் பி.பி.சி. தன் தமிழ் ஒலிபரப்பைத் தொடங்கியது. வாரமொரு முறை வந்த செய்திமடல் அது. அந்த ஒலிபரப்பு இந்தச் சுரங்கத்திலிருந்து வந்ததல்ல; லண்டனிலிருந்து வந்தது. ஆனால், இரண்டையும் பிறப்பித்தது ஒரே அச்சம், ஒரே யுத்தம். பின்னாளில் அதற்குத் ‘தமிழோசை’ என்று பெயரிட்டவர் நம் யாழ்ப்பாணத்துச் சோ. சிவபாதசுந்தரம் அவர்கள். ‘ஒலிபரப்புக் கலை’ என்று தமிழில் ஒரு நூலே எழுதிய முன்னோடி அவர். சிற்றலை வானொலியைக் காதோடு வைத்துத் தமிழோசைக்காகக் காத்திருந்த இரவுகள் நம் நாட்டில் எத்தனை வீடுகளுக்கு உண்டு! 2017 ஏப்ரல் 30ஆம் திகதி அந்த வானொலிச் சேவையும் நின்றுபோயிற்று.

பாறைச் சுரங்கத்தைப் பி.பி.சி. 1960ஆம் ஆண்டுவரை வைத்திருந்தது. பிறகு மீண்டும் பூட்டு. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் மழைநீர் கசிந்து, குப்பை குவிந்து, இரும்பு துருவேறிக் கிடந்தது. புதிய நூற்றாண்டின் தொடக்கத்தில் தொண்டர்கள் சிலர் நம்பிக்கைச் சபை ஒன்றை அமைத்து வேலையில் இறங்கினார்கள். குவிந்த கற்களையும் குப்பையையும் கையால் சுமந்து வெளியே கொட்டினார்கள். மேல் நிலையத்தின் இரும்பு வேலியைப் பழையபடி நிறுத்தினார்கள். பழைய படங்களையும் சீட்டுகளையும், அங்கே இரவு கழித்தவர்களின் நினைவுகளையும் தேடிச் சேர்த்தார்கள்.

இனி வண்டி ஓடவேண்டும் என்று ஆசைப்படுபவரும் உண்டு. இங்கேதான் சிக்கல். வண்டி ஓடவேண்டுமானால் சரிவை மறித்து நிற்கும் யுத்தகாலச் சுவர்களையும் தளங்களையும் அறைகளையும் உடைக்கவேண்டும். மக்கள் குந்தியிருந்த படிகள் போகும், கலையகம் போகும். அவற்றை வைத்திருந்தால் வண்டி ஓடாது. வண்டி ஓடியது 41 ஆண்டுகள். அதுவும் கடனோடு மாரடித்த ஓட்டம். பி.பி.சி. இருந்தது ஏறக்குறைய 20 ஆண்டுகள். மக்கள் தஞ்சமடைந்தது அதிலும் சில ஆண்டுகள்தான். காலத்தின் நீளத்தை அளந்து மதிப்பிடுவதென்றால் வண்டிக்கே வெற்றி. என்னைக் கேட்டால், படிகளைத் தொடவேண்டாம் என்பேன். நீர்ப்பாரத்தில் ஏறி இறங்கும் வண்டியைக் காண விரும்புபவர் லின்டனுக்குப் போகலாம். கொங்கிறீட் படியில் விடியலுக்காகக் காத்திருந்த இரவுகளைக் காட்ட லின்டனால் முடியாது.

இன்று கிளிப்டனில், மேல் நிலையம் ஒரு ஹோட்டலின் பக்கத்தில், தெருமட்டத்துக்குக் கீழே அடங்கிக் கிடக்கிறது. நடந்து போகிறவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தால்தான் தெரியும். கீழ் நிலையத்தின் கல்முகப்பு பாறையோடு பாறையாக, 1786இன் தூண்மண்டபத்துக்கு அருகே, நிற்கிறது. அதற்கு முன்னால் போட்வேயில் வாகனங்கள் இடைவிடாது ஓடுகின்றன. வாகன நெரிசலில் சிக்கி நிற்கும் சாரதிகள் சிலர் தலைநிமிர்ந்து முகப்பைப் பார்ப்பார்கள். பச்சை விளக்கு விழுந்ததும் போய்விடுவார்கள்.